முதலில் எழுதிய பெயர்

அத்தியாயம் பன்னிரண்டு

நோரீனுக்குக் கோபம் வந்தால் அது முதலில் தெரிவது ரொட்டியில்தான். அன்று சனிக்கிழமை காலை ஆக்ராய்ட் வீட்டுச் சமையலறையில் இரண்டு துண்டு ரொட்டி கரிக்கட்டையாக வெளியே வந்தது. அதை அப்படியே கணவரின் தட்டில் வைத்து, வெண்ணெய்க் கத்தியைப் பக்கத்தில் ‘ணங்’கென்று போட்டார்.

நெவில் கருகலைச் சுரண்டினார். ஸ்கார்பெக் ஊரின் மேடு பள்ளமெல்லாம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். குறுக்கே ஆட்டு மந்தையே வந்தாலும் முகம் மாறாதவர், ரொட்டிக்கா மாறுவார்?

“எத்தனை கரிச்சாலும் சரி. நான் பேங்குக்குத்தான் போடுவேன்,” என்றார்.

“போட்டுக்கோ. யாரு தடுத்தா? உன் ஓட்டை நீ போடு. என் ஓட்டை நான் போடறேன். ரெண்டும் அடிச்சுக்கிட்டு சாகட்டும்.”

மேஜையின் மறுமுனையில் தேநீர்க் கோப்பையோடு உட்கார்ந்திருந்த மகள் லியானுக்கு, ‘என் ஓட்டை’ என்ற சொல் தொண்டையில் மீன் முள் மாதிரி குத்தியது. அவள் கோப்பைக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இந்தச் சண்டையின் வேர் எங்கே இருக்கிறது என்பது இந்தக் குடும்பத்தைத் தொடர்ந்து வருகிறவர்களுக்குத் தெரியும். வசந்த காலத்தில், நெவிலின் சம்பளம் வாழ்நாள் முழுக்கப் போய் விழுந்த பேங்க், ஊர்க் கிளையை மூடிவிட்டது. அந்த இடத்தில் இப்போது முடிவெட்டும் கடை. பதிலுக்கு வாரம் ஒருநாள் சந்தை வாகன நிறுத்தத்துக்கு ஒரு நடமாடும் பேங்க் வேன் வந்தது. நெவில் மழையில் நின்று அந்த வேனுக்குள் ஏறி இறங்கினார். பிறகு வேன் வருவதும் நின்றது. தொலைபேசியில் கூப்பிட்டால் பாட்டுப் போட்டார்கள். பாட்டு முடிந்தால் ரகசியச் சொல்லின் மூன்றாம் எழுத்தையும் ஐந்தாம் எழுத்தையும் கேட்டார்கள். ஒருநாள் கடை வாசலில் இருந்த பண இயந்திரம் அவருடைய அட்டையை விழுங்கியது. காய்கறி இல்லாமல் வெறும் பையோடு வீடு திரும்பிய மனிதர், அன்று ராத்திரி மனைவியிடம் தோற்றார்.

“சரி. உன் சொசைட்டியிலேயே வெச்சுத் தொலைப்போம்.”

நோரீனின் சொசைட்டி என்பது சந்தைத் தெருவில் பச்சைக் கதவு போட்ட ஸ்கார்பெக் பில்டிங் சொசைட்டி; ஊர்க்காரர்களின் சேமிப்பைச் சேர்த்து வீட்டுக் கடன் கொடுக்கும் சங்கம். பதினாறு வயதில் பிஸ்கட் தொழிற்சாலையில் வாங்கிய முதல் கூலியிலிருந்து நோரீன் அங்கேதான் போட்டு எடுத்தார். இப்போது குடியிருக்கும் வீட்டுக்குக் கடன் கேட்டபோது, “பஸ்காரர்கள் வேலைநிறுத்தம் செய்கிறவர்கள்” என்று நெவிலின் பேங்க் கதவைச் சாத்தியது. கொடுத்தது அந்தப் பச்சைக் கதவு. அதுவும் நோரீனின் சேமிப்பைப் பார்த்துக் கொடுத்தது. இருந்தும் நெவில், பேங்கை விடாமல், சொசைட்டியை ‘விதவைங்க கடை’ என்றே கிண்டலடித்து வந்தார்.

ஆக, கல்யாணமாகி இத்தனை காலத்துக்குப் பிறகு முதல்முறையாக, ஓய்வூதியம், எரிவாயு, வீட்டு வரி, மளிகை எல்லாம் ஒரே கணக்கில். இருவர் பெயரும் சேர்ந்த கணக்கு.

அந்தக் கணக்கைத் திறந்த அன்று கவுண்டரில் நடந்த ஒரு சிறு விஷயத்தை இதுவரை சொல்லவில்லை. சொல்லும்படியான விஷயமாக யாருக்குமே அது படவில்லை.

கவுண்டரில் இருந்த ஷாஸியா, “யார் பேரை முதல்ல போடட்டும்?” என்று கேட்டாள்.

நோரீன் சிரித்தார். “இதென்ன கேள்வி? அவர் பேரைத்தான். கிறிஸ்துமஸ் அட்டையில கூட ‘நெவிலும் நோரீனும்’னுதானே போடறோம். ‘நோரீனும் நெவிலும்’னு போட்டா, யாரோ புதுசா கல்யாணம் பண்ணிக்கிட்டாங்கன்னு நினைப்பாங்க.”

எல்லோரும் சிரித்தார்கள். நோரீனின் பழைய தனிக் கணக்கை மூடி, கணக்குப் புத்தகத்தின் மூலையைக் கத்தரிக்கோலால் வெட்டிக் கொடுத்தாள் ஷாஸியா.

லியான் அப்போது ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்து, விதிமுறைப் புத்தகத்தைப் படித்துக்கொண்டிருந்தாள். பகலில் கண்ணாடிக் கடை வரவேற்பில் வேலை, மாலையில் கல்லூரியில் கணக்கியல் வகுப்பு. கையில் எது கிடைத்தாலும் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்துவிடும் பழக்கம் அவளுக்கு. ஒன்பதாம் பக்கத்தில் ஒரு பத்தி. ‘கூட்டுக் கணக்கில் முதலில் பெயர் எழுதப்பட்டவர் மட்டுமே சங்கத்தின் உறுப்பினர். கூட்டத்தில் பேசவும் வாக்களிக்கவும் அவருக்கே உரிமை.’

இரண்டு தடவை படித்தாள். பிறகு, நான்தான் தப்பாகப் புரிந்துகொள்கிறேன் என்று நினைத்தாள். முந்தின வாரம்தான் வகுப்பில் வரவில் எழுத வேண்டியதைச் செலவில் எழுதி, எல்லோரும் பார்க்க அடித்துத் திருத்தியிருந்தாள். இத்தனை வருஷ உறுப்பினர் உரிமை, ஒரு கத்தரிக்கோல் வெட்டில் போய்விடுமா? போகாது. வேறு எங்காவது விளக்கம் இருக்கும். புத்தகத்தை மூடிப் பைக்குள் வைத்தாள்.

அதற்குப் பிறகுதான் லண்டனிலிருந்து ஒரு பெரிய பேங்க், ஸ்கார்பெக் சொசைட்டியைத் தன்னோடு சேர்த்துக்கொள்ள ஆசைப்பட்டது. உறுப்பினர்கள் ஓட்டுப் போட வேண்டும். நாலில் மூன்று பங்கு ஓட்டு பேங்குக்கு விழுந்தால், பச்சைக் கதவு பேங்கின் கதவாகிவிடும். கடிதம் வந்தது. உறையில் ‘திரு. நெ. ஆக்ராய்ட்’ என்று மட்டும் இருந்தது.

“வீட்டுக்கு ஒரு கடுதாசி போதும்னு விட்டிருப்பாங்க. சிக்கனக்காரங்க,” என்றார் நோரீன்.

லியான் அப்போதும் வாயைத் திறக்கவில்லை.

*

ஓட்டெடுப்புக் கூட்டம் நடக்கும் மெதடிஸ்ட் சபைக் கூடத்துக்கு மூவரும் தூறலில் நடந்தார்கள். நோரீன் முன்னால். நெவில் நான்கு எட்டு பின்னால். லியான் இரண்டு பேருக்கும் நடுவில், இருவரிடமும் குடையை நீட்டி, இருவராலும் மறுக்கப்பட்டு.

“அந்த பேங்குக்காரன் ஆளுக்கு ஒரு பரிசுத் தொகை தரானாம்,” என்றார் நெவில், முதுகைப் பார்த்து. “மால்கம் சொன்னான். சும்மா வர்றதை வேண்டாங்கறதுக்கு நான் என்ன கிறுக்கனா?”

“ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுததாம். உனக்கு அந்த ஓநாய் மேல அவ்வளவு பாசம்.”

“ஏய், பேங்குன்னா ஒரு கௌரவம் இருக்கு.”

“இருக்கு, இருக்கு. அந்தக் கௌரவம்தானே உன்னை மழையில வேனுக்குப் பின்னாடி நிக்க வெச்சுது?”

“அது வேற பேங்க்.”

“எல்லாத்துக்கும் ஒரே வயிறுதான். நெவில், கேட்டுக்கோ. பேங்குல நீ வாடிக்கைக்காரன். வேணாம்னா கதவைச் சாத்திட்டுப் போயிடுவான். சொசைட்டியில போட்டு வெச்சவங்கதான் சொந்தக்காரங்க. நானும் ஒரு சொந்தக்காரி. நம்மளக் கேக்காம அந்தக் கதவைச் சாத்த முடியாது.”

“சொந்தக்காரியாம், சொந்தக்காரி. ஒரு ஜன்னல் கண்ணாடி உன்னோடதா இருக்குமா?”

“ஒண்ணாவது இருக்கில்ல? உன் பேங்குல உனக்கு என்ன இருந்துச்சு? பேனாவைக் கூட சங்கிலி போட்டுக் கட்டி வெச்சிருந்தான்!”

நோரீனின் கைப்பைக்குள் துண்டுச் சீட்டில் எழுதிய ஒரு கேள்வி இருந்தது; ஒரு வாரமாகச் சமையலறையில் சொல்லிச் சொல்லிப் பார்த்தது. ‘இந்த ஊர்க் கிளையை இத்தனை வருஷத்துக்கு மூட மாட்டோம் என்று பேங்க் எழுதிக் கொடுக்குமா?’ அவ்வளவுதான். பேசிப் பழக்கமில்லாதவர் என்பதால், ஒரே ஒரு கேள்வி போதும் என்று வைத்திருந்தார்.

கூடத்தின் வாசலில் மேஜை போட்டு, கழுத்தில் அடையாள அட்டை தொங்க ஓர் இளைஞன் உட்கார்ந்திருந்தான். ஊர்க்காரன் இல்லை. நெவிலின் கடிதத்தைப் பார்த்து, மஞ்சள் நிற வாக்குச் சீட்டு ஒன்றைக் கொடுத்தான்.

“கூட்டம் முடிஞ்சதும் இந்தப் பெட்டியில போட்டுடுங்க ஐயா. மத்தியானம் வரைக்கும் பெட்டி இருக்கும்.”

“எனக்கு?” என்றார் நோரீன்.

பெயரைக் கேட்டான். பட்டியலில் விரலை ஓட்டினான். மேலிருந்து கீழ், மறுபடி மேலிருந்து கீழ்.

“நீங்க பட்டியல்ல இல்லையே கண்ணு.”

“நல்லாப் பாரு. ஆக்ராய்ட். நோரீன்.”

“ஆக்ராய்ட், நெவில் இருக்கார். கூட்டுக் கணக்கு. முதல் பேருக்குத்தான் ஓட்டு. நீங்க ரெண்டாவது பேரு. விருந்தாளியா தாராளமா உள்ள வரலாம் கண்ணு. மாடியில இடம் போட்டிருக்கு. ஆனா பேசக் கூடாது.”

நோரீனின் முகத்தில் முதலில் ஒன்றுமே இல்லை. லியான் அந்த வெறுமையைப் பார்த்துப் பயந்தாள்.

“என்னைக் கண்ணுன்னு கூப்பிடாத,” என்றார் நோரீன். குரல் தாழ்ந்திருந்தது. “நீ பிறக்கறதுக்கு முன்னாடி, உங்க அப்பனுக்கு மீசை முளைக்கறதுக்கு முன்னாடி நான் இதுல மெம்பர். இந்த ஆளு,” கணவரைக் காட்டினார், “மூணு மாசம் முன்னாடி வரைக்கும் அந்தக் கதவைத் தாண்டினதில்லை. விதவைங்க கடைன்னு சொன்ன ஆளு. அவருக்கு ஓட்டு. எனக்கு மாடியா?”

“விதிமுறை அப்படித்தாங்க...”

பின்னால் வரிசை சேர்ந்துகொண்டிருந்தது. நெவில் மஞ்சள் சீட்டை மடித்துக் கோட்டுப் பைக்குள் வைத்தார்.

“நோரீன், ஆளுங்க பாக்கறாங்க. மேல போய் உக்காரு. வீட்ல பேசிக்கலாம்.”

“வீட்ல,” என்றார் நோரீன். அந்த ஒரு சொல்லை வாயில் போட்டு மென்று துப்பினார் போலிருந்தது. பிறகு படியேறினார்.

*

மாடத்துக்கு வந்ததும்தான் லியான் பார்த்தாள். மர வரிசைகள் முழுக்கப் பெண்கள். மழைக்கோட்டும் கைப்பையுமாக, பாதிப் பேர் ஊரில் தெரிந்த முகங்கள். மீன் வறுவல் கடைக்காரரின் மனைவி, பள்ளிக்கூடத்தில் குழந்தைகளைச் சாலை கடக்க வைக்கிற மேவிஸ், இன்னும் பலர். கீழே எட்டிப் பார்த்தால், அவர்களுடைய கணவர்களின் வழுக்கைகள் வரிசை வரிசையாகத் தெரிந்தன.

“நீயுமா நோரீன்?” என்றாள் மேவிஸ், புதினா மிட்டாய்ப் பொட்டலத்தை நீட்டி. “எனக்கும் வாசல்லதான் தெரிஞ்சுது. எங்க வீட்டுக்காரருக்கு இங்க ஒரு கணக்கு இருக்கறதே மறந்துபோச்சு. ‘நான் எதுக்கு வரணும், கால்பந்து இருக்கு’ன்னு கேட்டார். இழுத்துட்டு வந்தது நான்!”

நோரீன் மிட்டாயை வாங்கவில்லை. மகள் பக்கம் திரும்பினார்.

“நீ கணக்குப் படிக்கறவ. இது உனக்குத் தெரியுமா?”

இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்ல வாய் வரையில் வந்தது.

“படிச்சேம்மா,” என்றாள் லியான். “அன்னிக்கே. ஒன்பதாம் பக்கத்துல. எனக்குத்தான் சரியாப் புரியலையோன்னு...”

“புரியலையோன்னு?”

“கேட்டிருக்கணும். தப்பா சொல்லிட்டா சிரிப்பாங்களேன்னு...”

நோரீன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அடித்திருந்தால் கூடத் தேவலாம் போலிருந்தது.

“உன்கிட்ட அப்புறம் வரேன்,” என்றார்.

கீழே மேடையில் சங்கத் தலைவர் எழுந்தார். வெல்லப்பாகு மாதிரிக் குரல். காலம் மாறிவிட்டது, சேர்ந்தால் வலுப்பெறுவோம், வாடிக்கையாளர்களுக்குக் கைப்பேசியிலேயே எல்லாம் என்று பேசிக்கொண்டே போனார். உறுப்பினர்கள் கேள்வி கேட்கலாம் என்றார். கீழே ஒரு கை உயர்ந்தது. நெவிலின் நண்பர் மால்கம்.

“புது பேங்க் வந்தா, பின்னாடி வண்டி நிறுத்தற இடம் இலவசமா இருக்குமா?”

“அது பரிசீலிக்கப்படும்.”

வேறு கை எதுவும் எழவில்லை. தலைவர் காகிதங்களை அடுக்கத் தொடங்கினார். லியான் பக்கத்து இருக்கையைப் பார்த்தபோது, அங்கே அம்மா இல்லை. மாடத்தின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

“எனக்கு ஒரு கேள்வி.”

எல்லா வழுக்கைகளும் ஒரே நேரத்தில் மேலே திரும்பின.

தலைவர் கண்ணாடியைச் சரிசெய்தார். “அம்மா, தாங்கள் உறுப்பினரா?”

“நாப்பத்தி நாலு வருஷமா இருந்தேன். மூணு மாசமா இல்லையாம். இதோ, ஆறாவது வரிசையில பழுப்புக் கோட்டு போட்டு உக்காந்திருக்காரே, அவரோட ரெண்டாவது பேரு நான்.”

எங்கோ ஒருவர் சிரித்தார். நோரீன் சிரித்த திசைக்கே திரும்பினார்.

“சிரி, சிரி. உன் பொண்டாட்டியும் என் பக்கத்துலதான் உக்காந்திருக்கா.”

சிரிப்பு நின்றது.

“மன்னிக்கணும். விருந்தினர்கள் பேச விதியில் இடமில்லை,” என்றார் தலைவர்.

“நான் விருந்தாளியா? உங்க கதவுக்குப் பச்சைப் பெயின்ட் அடிச்சது என் காசு. நீங்க நிக்கற மேடைக்கு வாடகை கொடுத்தது என் காசு. கேள்வி ஒண்ணே ஒண்ணு. இந்த ஊர்க் கிளையை இத்தனை வருஷத்துக்கு மூட மாட்டோம்னு பேங்க் எழுதிக் கொடுக்குமா? ஆமாவா, இல்லையா?”

“நானும் ரெண்டாவது பேருதான். எனக்கும் அதே கேள்வி!” என்று மேவிஸ் எழுந்தாள். மீன்கடை அம்மாள் எழுந்தார். பின்வரிசையில் பெஞ்சுகள் கிறீச்சிட்டன. லியான் திரும்பிப் பார்த்தபோது பாதி மாடம் நின்றுகொண்டிருந்தது.

தலைவர் கை உயர்த்தினார். பாகு கொஞ்சம் உறைந்திருந்தது.

“அமைதி. அமைதி. ஒரு வழி சொல்கிறேன். உறுப்பினர் ஒருவர் அந்தக் கேள்வியைத் தன் கேள்வியாகக் கேட்டால், நான் பதில் சொல்லக் கடமைப்பட்டவன். அந்த அம்மாவின் கணவர் இங்கே இருக்கிறார். அவர் கேட்கட்டும்.”

கூடம் முழுவதும் நெவிலைப் பார்த்தது.

மேலிருந்து லியானுக்கு அப்பாவின் கழுத்து தெரிந்தது. அது மெல்ல மெல்லச் சிவந்து, காது வரைக்கும் ஏறியது. அவர் தலையைத் தூக்கி மாடத்தைப் பார்த்தார். நோரீன் கீழே பார்த்தார். இருவருக்கும் நடுவில் இருந்தது ஒரே ஒரு வாக்கியம். அதை ஒரு வாரமாகச் சமையலறையில் அவரும் கேட்டிருந்தார். மனப்பாடமாகத் தெரியும்.

எழுந்திருங்க அப்பா, என்று லியான் மனதுக்குள் கத்தினாள்.

மால்கம் அவர் காதில் ஏதோ சொன்னான். நெவில் தன் காலணியைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

“கேள்வி இல்லை என்று எடுத்துக்கொள்கிறேன்,” என்றார் தலைவர். “நன்றி.”

*

சந்தைத் தெருவில் நோரீன் நடந்த வேகத்துக்கு லியானால் ஓடத்தான் முடிந்தது.

“எவனோ ஒருத்தன் மாடிக்குப் போன்னு சொன்னான். சரி, அவன் யாரோ. இவரு? ஒரு வாய் வார்த்தை! என் வாயை இவர்கிட்டதான் கொடுத்து வெச்சிருக்கு. திறந்தாரா பார்த்தியா? காலணியில என்ன எழுதியிருந்துது?”

“அம்மா, மெதுவா. தரை வழுக்குது.”

“நீ பேசாத. நீ அவருக்கு அப்பன். அவருக்காவது தெரியாது. நீ தெரிஞ்சே வாயைத் தெச்சுக்கிட்ட. சிரிப்பாங்களாம்! சிரிச்சா என்னடி? இன்னிக்கு என்னைப் பாத்து ஊரே சிரிச்சுது. செத்தா போயிட்டேன்?”

லியானுக்கு அழுகை வந்தது. அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது. அம்மா மீதல்ல, அப்பா மீது கூட அல்ல. எதையும் இரண்டு தடவை படித்து, மூன்றாம் தடவை தன்னையே சந்தேகப்பட்டு, நான்காம் தடவை வாயை மூடிக்கொள்ளும் அந்தப் பெண் மீது.

பச்சைக் கதவைத் தோளால் தள்ளித் திறந்தார் நோரீன். சனிக்கிழமை என்பதால் மத்தியானத்தோடு மூடிவிடுவார்கள். ஒரே கவுண்டர். ஷாஸியா நிமிர்ந்து பார்த்தாள்; பார்த்ததுமே அவளுக்குப் பாதி புரிந்துவிட்டது.

“புதுக் கணக்கு ஒண்ணு வேணும். எனக்கு. எனக்கு மட்டும்.”

“திறக்கலாம் அம்மா. ஆனா...” ஷாஸியா தயங்கினாள். “இன்னிக்கு ஓட்டுக்கு இது உதவாதே.”

“தெரியும். இன்னிக்குப் போனது போச்சு.” கைப்பையிலிருந்து ஒரு பத்து பவுண்டுத் தாளை எடுத்துக் கவுண்டரில் வைத்தார். “அடுத்த தடவை எவனும் என்னை மாடிக்கு அனுப்பக் கூடாது.”

ஷாஸியா படிவத்தையும் விதிமுறைப் புத்தகத்தையும் தள்ளினாள். நோரீன் புத்தகத்தை எடுத்து மகள் கையில் திணித்தார்.

“படி.”

“இங்கயா?”

“இங்கதான். சத்தமா. முதல் பக்கத்துலேருந்து. புரியாத இடம் வந்தா நிறுத்தி இந்தப் பொண்ணைக் கேளு. யாரு சிரிக்கறாங்கன்னு நான் பாத்துக்கறேன்.”

லியான் தொண்டையைச் செருமினாள். முதல் பக்கம் குரல் நடுங்கியது. இரண்டாம் பக்கத்தில் நிறுத்தி ஷாஸியாவிடம் ஒரு சந்தேகம் கேட்டாள். ஷாஸியாவே உள்ளே போய்க் கேட்டுவர வேண்டியிருந்தது. யாரும் சிரிக்கவில்லை. பின்னால் வரிசை வளர்ந்தது. ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நோரீன் அவரைப் பார்த்தார். அவர் சுவரில் ஒட்டியிருந்த விளம்பரத்தைப் பார்க்க ஆரம்பித்தார்.

ஒன்பதாம் பக்கம் வந்தது.

“கூட்டுக் கணக்கில் முதலில் பெயர் எழுதப்பட்டவர் மட்டுமே...” லியானின் குரல் உடைந்தது.

“மறுபடி. கடைசி ஆள் வரைக்கும் கேக்கணும்.”

லியான் மறுபடி படித்தாள். இந்தத் தடவை உடையவில்லை. வரிசையில் இருந்த ஒரு கிழவர், “ஏம்மா, எங்க கணக்குல எம்பேருதான் முதல்ல இருக்கு. அப்ப என் பொண்டாட்டிக்கு ஒண்ணும் இல்லையா?” என்றார்.

“ஒண்ணும் இல்லை ஐயா,” என்றாள் லியான். தனக்கே ஆச்சரியமாக, அதை அவள் உரக்கச் சொன்னாள்.

“அட கண்றாவியே. அவளுக்கு யாரு போய்ச் சொல்றது?”

ஷாஸியா படிவத்தைக் கணினியில் ஏற்றத் தொடங்கினாள். கை பழகிய வேகத்தில் வாய் தானாகக் கேட்டது. “யார் பேரை முதல்ல...” பாதியில் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

“போடு,” என்றார் நோரீன். “முதல்லயும் அந்தப் பேருதான். கடைசியிலயும் அந்தப் பேருதான்.”

அப்போதுதான் வாசல் மணி ஒலித்தது.

நெவில் நின்றிருந்தார். தொப்பி இல்லை, தலையிலிருந்து தண்ணீர் வழிந்தது. சபைக் கூடத்திலிருந்து இங்கே வரை ஓடி வந்திருக்க வேண்டும். அந்த வயதில், அந்த மேட்டில். கையில் மஞ்சள் சீட்டு. அதன் மடிப்புகள் ஈரத்தில் ஊறியிருந்தன.

“நோரீன்.”

நோரீன் திரும்பவில்லை. படிவத்தில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

“நோரீன், நான் போடலை. பெட்டிக்கிட்டப் போனேன். மால்கம் போட்டான், நான் போடலை.” மூச்சு வாங்கியது. “பெட்டியை இன்னும் மூடலை. என்ன போடணும்னு நீயே சொல்லு. அதையே போடறேன்.”

ஷாஸியாவின் விரல்கள் நின்றுவிட்டன. கிழவர் ஒரு பக்கமாக ஒதுங்கி வழிவிட்டார். லியான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். மத்தியானத்துக்கு அதிக நேரமில்லை. சபைக் கூடத்துக்குத் திரும்பி ஓடவும் நேரம் வேண்டும். அம்மா ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த ஓட்டு அம்மாவின் ஓட்டாகிவிடும்.

நோரீன் கையெழுத்தின் கடைசி எழுத்தை நிதானமாக இழுத்து முடித்தார். பேனாவைக் கீழே வைத்தார். அந்தப் பேனாவுக்குச் சங்கிலி இல்லை.

“உனக்கு முன்னாடி அஞ்சு பேர் நிக்கறாங்க, நெவில்,” என்றார், திரும்பாமலே. “வரிசையில நில்லு.”

விலகி நின்ற கிழவர் சங்கடத்தோடு தன் இடத்துக்குத் திரும்பினார். நெவில் மெல்லப் பின்னால் போய், கதவோரமாக, கடைசி ஆளாக நின்றார். மஞ்சள் சீட்டிலிருந்து தரையில் நீர் சொட்டியது.

லியான் புத்தகத்தைத் தாழ்த்தினாள்.

“ஏன் நிறுத்தின?” என்றார் நோரீன். “பத்தாம் பக்கம். படி.”